வாக்கிய அட்டைப் பெட்டி: அட்டைகளை வாங்கலாம், கையேட்டை நம்ப வேண்டாம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கில வாக்கிய வகைகளையும் வாக்கிய அமைப்பையும் சொல்லித்தருவதற்கென்று விற்கப்படும் பெட்டி இது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் சொல்லிவைத்தால் மதுரையிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். விலை 650 ரூபாய். உள்ளே 240 சொல் அட்டைகள், முழு வாக்கியம் அச்சிட்டு அது எந்த வகை என்று கேட்கும் 'வகை அட்டைகள்' 40, நான்கு வரிசையுள்ள பிளாஸ்டிக் பாக்கெட் சார்ட் ஒன்று, 32 பக்கத்தில் ஆசிரியர் கையேடு. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் அதிகமாக வரும் கடலோர மாலை வகுப்புகளில் வைத்துப் பார்த்த கணக்கில்தான் இந்த மதிப்பீடு.

சொல் அட்டைகள் அருமையாக இருக்கின்றன. கொடுத்த காசு அவற்றுக்கே தகும். கையேடு அந்த அட்டைகளின் அருமை தெரியாமல் எழுதப்பட்டிருக்கிறது. வகை அட்டைகளைத் திருத்தாமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

சொல் அட்டை ஒவ்வொன்றும் 9 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். சப்ஜெக்ட் (எழுவாய்) மஞ்சள், 60. வெர்ப் (வினை) சிவப்பு, 60. ஆப்ஜெக்டும் (செயப்படுபொருள்) காம்ப்ளிமென்டும் (நிரப்புச் சொல்) நீலம், 50. நேரம், இடம் சொல்பவை வெள்ளை, 30. இணைப்புச் சொற்கள் பச்சை, 20. முற்றுப்புள்ளி, கேள்விக்குறி முதலான குறிகள் சாம்பல், 20. எழுத்து பெரியது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான்கு குழுவாகப் பிரித்தால் 20 பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி போதும்.

இப்படி நகர்த்தி வைக்கும் அட்டை நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும் என்றால், அவர்களுக்குத் தடுமாற்றம் பெயரில் இல்லை. ஸ்டேட்மென்ட், கொஸ்டின், கமாண்ட், எக்ஸ்கிளமேஷன் என்று நான்கையும் மடமடவென்று ஒப்பிப்பார்கள். தமிழ்ப் பாடத்தில் செய்தித்தொடர், வினாத்தொடர், விழைவுத்தொடர், உணர்ச்சித்தொடர் என்று ஏற்கெனவே படித்ததுதானே. அதே பிள்ளையிடம் 'அவர் நேற்று பாம்பனுக்குப் போனாரா?' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'டிட் ஹி வென்ட் டு பாம்பன் எஸ்டர்டே' என்று வந்து நிற்கும். 'நீ எங்கே போகிறாய்?' என்பது 'வேர் யூ ஆர் கோயிங்' ஆகும். சறுக்குவது சொற்கள் உட்காரும் இடத்தில்.

காரணம் நம் மொழியின் வளத்திலேயே இருக்கிறது. 'மீனவர் சுறாவைப் பார்த்தார்', 'சுறாவை மீனவர் பார்த்தார்', எப்படிச் சொன்னாலும் பொருள் மாறாது. 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் 'தி ஃபிஷர்மேன் சா தி ஷார்க்' என்பதில் முன்னதையும் பின்னதையும் மாற்றி வைத்தால் சுறா மீனவரைப் பார்த்துவிடும். ஆங்கிலத்தில் இடம்தான் உருபு. இதை வாயால் பத்து முறை சொல்வதைவிட மஞ்சள் அட்டையையும் நீல அட்டையையும் ஒருமுறை இடம் மாற்றிக் காட்டினால் போதும், வகுப்பே சிரித்துப் புரிந்துகொள்ளும். கையேட்டின் அமைப்புப் பகுதியில் வரும் முதல் பயிற்சியும் இதுதான். கையேட்டில் உருப்படியான ஒரே பக்கம் என்று அதைச் சொல்லலாம்.

அடுத்து, தமிழ் வினையின் வாலிலேயே ஆள் ஒட்டியிருக்கிறார். 'வந்தேன்' என்றால் நான், 'வந்தாள்' என்றால் அவள். அதனால் பிள்ளைகள் 'வென்ட் டு தங்கச்சிமடம் எஸ்டர்டே' என்று சப்ஜெக்ட்டே இல்லாமல் எழுதுவார்கள். நேர்மாறாக, 'அவர் மீனவர்' என்பதில் தமிழுக்கு வினையே வேண்டாம். அதனால் 'ஹி ஃபிஷர்மேன்'. இந்த இரண்டு பிழைக்கும் பாக்கெட் சார்ட் நல்ல மருந்து. முதல் பை மஞ்சளுக்கு, இரண்டாவது பை சிவப்புக்கு என்று வகுத்துவிட்டு, எந்தப் பை காலியாக இருக்கிறதோ அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 'ஹி' மஞ்சளில் இருக்கிறது, 'எ ஃபிஷர்மேன்' நீலத்தில் இருக்கிறது, நடுவில் பை காலி. 'இஸ்' வந்து விழும் வரை அந்தக் காலிப் பை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். நோட்டில் சிவப்பு மையில் திருத்தினால் இப்படி உறுத்தாது.

இதில் ஒரு சிக்கல் வரும். 'மழை பெய்கிறது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' வைத்துக் காட்டினால், "மிஸ், இந்த 'இட்' யாரு? மழையா, மேகமா?" என்று நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். கையேடு இதைத் தொடவே இல்லை. பிள்ளைகளுக்குப் பட்டென்று பிடிபடுகிற விளக்கம் பஸ்ஸில் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் மதுரை பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டுதான் இந்த 'இட்'. துண்டு ஆள் இல்லை, ஆனால் இடம் காலியாக இல்லை என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் மஞ்சள் இருக்கை காலியாக இருக்கக் கூடாது; ஆள் இல்லாவிட்டால் துண்டாவது கிடக்க வேண்டும். 'தேர் ஆர் ட்வென்டி ஒன் ஐலண்ட்ஸ் இன் தி கல்ஃப் ஆஃப் மன்னார் மரைன் நேஷனல் பார்க்' என்பதில் முன்னால் நிற்கும் 'தேர்' என்ற சொல்லும் இப்படிப்பட்ட துண்டுதான். பெட்டியில் 'இட்' அட்டை இரண்டு, 'தேர்' அட்டை ஒன்றே ஒன்று. நான்கு குழுவுக்குத் தலா ஒன்றாவது கையால் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி வாக்கியத்துக்கு வருவோம். பெட்டியின் பெரிய குறையும் பெரிய பயனும் இங்கேதான். 'இஸ், ஆர், வாஸ், வேர், கேன், வில், டூ, டஸ், டிட்' ஆகிய துணைவினைகளை மற்ற வினைகளோடு சேர்த்துச் சிவப்பிலேயே அச்சிட்டுவிட்டார்கள். அது கூடாது. கேள்வியில் முன்னால் போவது துணைவினை மட்டும். மூலவினை இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் எது நகரும், எது நகராது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? துணைவினை அட்டைகளின் நான்கு ஓரத்திலும் ஆரஞ்சு ஸ்கெட்ச் பேனாவால் பட்டையாகக் கோடு போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை. இனி 'ஹி இஸ் மெண்டிங் தி நெட்' என்பதைக் கேள்வியாக்க ஆரஞ்சு கரை போட்ட அட்டை ஒன்று மட்டும் எழுந்து மஞ்சளுக்கு முன்னால் போய் உட்காரும்: 'இஸ் ஹி மெண்டிங் தி நெட்'.

துணைவினை இல்லாத வாக்கியம்தான் கண்டம். 'மை அங்கிள் மெண்ட்ஸ் தி நெட்', என் மாமா வலை பின்னி ஓட்டை அடைக்கிறார். இதைக் கேள்வியாக்கும்போது பிள்ளைகள் எழுதுவது 'டஸ் மை அங்கிள் மெண்ட்ஸ்'. இதற்கு 2 செ.மீ. அகலத்தில் தனித் துண்டு அட்டை ஒன்று வெட்டி அதில் 'எஸ்' என்ற ஓர் எழுத்தை மட்டும் எழுதுங்கள். வாக்கியத்தில் 'மெண்ட்' அட்டையை வைத்து, அதன் வலப்பக்கத்தில் இந்தத் துண்டைச் செருகுங்கள். இப்போது 'டூ' அட்டையை மஞ்சளுக்கு முன்னால் வையுங்கள். வைத்ததும் 'எஸ்' துண்டைக் கையில் எடுத்து, பிள்ளைகள் கண்ணெதிரே மெதுவாக நகர்த்திக்கொண்டுபோய் 'டூ' பக்கத்தில் ஒட்டுங்கள். எழுதும்போது நடுவே ஓர் 'இ' சேர்ந்து, 'டூ' என்பது 'டஸ்' ஆகிவிட்டது. 'மெண்ட்' மொட்டையாக நிற்கிறது. இருந்தது ஒரே ஒரு 'எஸ்'. அது இடம் பெயர்ந்துவிட்டது. பழைய இடத்தில் எப்படி இருக்கும்? இதைப் பார்த்த பிள்ளை 'டஸ் ஹி மெண்ட்ஸ்' என்று எழுதினால் தானே அடித்துத் திருத்தும்.

இறந்தகாலத்துக்கும் இதே கைவேலைதான். 'மெண்டட்' என்பதை 'மெண்ட்' அட்டை, 'எட்' துண்டு என்று பிரித்து வையுங்கள். 'டிட்' வந்ததும் 'எட்' துண்டு வெளியேற வேண்டும். காலத்தை 'டிட்' சுமந்துகொண்டது. 'கோ, வென்ட்' போன்றவற்றைப் பெட்டியில் தனித்தனி அட்டையாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைவிட 'கோ' அட்டையின் பின்புறம் 'வென்ட்' என்று எழுதிக்கொள்வது நல்லது. 'டிட்' முன்னால் வந்தவுடன் அட்டையைத் திருப்பிப் போட வேண்டும் என்று பழக்கினால் 'டிட் ஹி வென்ட்' ஓரிரு வாரத்தில் ஓய்ந்துவிடும். இல்லை என்று மறுக்கும் வாக்கியத்துக்கும் இதே 'டூ' வேண்டும், 'ஹி டிட் நாட் கோ' என்று. அதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் தந்தால் இரண்டும் குழம்பும்.

'ஹூ, வாட்' ஆகிய கேள்விச் சொற்கள் தாமே சப்ஜெக்ட்டாக வரும்போது 'டூ' வேண்டாம். 'ஹூ மெண்டட் தி நெட்' சரி. 'ஹூ' மஞ்சள் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டது, அதனால் யாரும் நகர வேண்டியதில்லை. இதற்காகவே 'ஹூ' அட்டையின் பின்பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டி வைக்கலாம்.

எழுத்து விஷயத்தில் ஒரு குறை. மஞ்சள் அட்டைகள் எல்லாமே கேபிடல் எழுத்தில் தொடங்குகின்றன. 'டஸ்' முன்னால் வந்ததும் நடுவில் நிற்கும் 'தி'யும் 'மை'யும் கேபிடலாகவே இருக்கும். கேபிடல், ஸ்மால் என்ற பிரிவே இல்லாத எழுத்தில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இது தப்பான பாடம். அட்டைகளின் பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது. மஞ்சளின் பின்னால் ஸ்மால் எழுத்திலும், ஆரஞ்சு கரை போட்டவற்றின் பின்னால் கேபிடலிலும் எழுதிவைத்தால் இடம் மாறும்போது இரண்டையும் திருப்பிப் போடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். 'ஐ' என்ற ஒற்றை எழுத்தும் ஊர்ப்பெயர்களும் இரண்டு பக்கமும் கேபிடல்தான் என்பதும் கூடவே பதியும்.

இதுவரை சொன்னதைச் செய்துவிட்டால் நான்கு வாக்கிய வகைகளும் நிற வரிசையிலேயே தெரிய ஆரம்பித்துவிடும். மஞ்சள், பிறகு சிவப்பு என்றால் செய்தி. ஆரஞ்சு கரை மஞ்சளைத் தாண்டி முன்னால் போனால் வினா. மஞ்சளே இல்லாமல் சிவப்பில் தொடங்கினால் கட்டளை: 'புல் தி ரோப்', 'டோன்ட் டச் தி ஜெல்லிஃபிஷ்'. முன்னால் 'வாட் எ' அல்லது 'ஹவ்' நின்று, அதற்குப் பின்னால் மஞ்சளும் சிவப்பும் முறை மாறாமல் வந்தால் உணர்ச்சி: 'வாட் எ பிக் ஃபிஷ் இட் இஸ்', 'ஹவ் ஃபாஸ்ட் தி போட் கோஸ்'. இந்த ஒரு விஷயத்துக்காகவே பெட்டியை வாங்கச் சொல்கிறோம். வகையும் அமைப்பும் வேறு வேறு பாடம் இல்லை, ஒரே அட்டைகளை நகர்த்துவதில் இரண்டும் வந்துவிடுகின்றன. கையேடோ முதல் நாளே நான்கு வகைக்கும் இலக்கணம் சொல்லி, வரையறையை எழுதவைத்து, அமைப்பைப் பத்தாவது பாடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

கட்டளை வாக்கியத்தில் மரியாதையையும் கொஞ்சம் பேச வேண்டும். வா, வாங்க என்று தமிழில் வினையே ஆளுக்கு ஏற்ப மாறும். ஆங்கிலத்தில் 'கம்' எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் பெரியவர்களிடம் 'கம்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. 'ப்ளீஸ்', 'குட் யூ' ஆகியவற்றைத் தனி அட்டையாகத் தந்தால் தயக்கம் குறையும். ஒன்று கவனிக்க வேண்டும்: 'குட் யூ கிவ் மீ தி புக்' அமைப்பில் வினா, வேலையில் வேண்டுகோள்.

இனி அந்த 40 வகை அட்டைகள். முழு வாக்கியத்தைப் படித்து எந்த வகை என்று சொல்ல வேண்டும், விடை பின்புறம். பிள்ளைகள் வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. கடைசிக் குறியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடை சொல்கிறார்கள். கேள்விக்குறி என்றால் வினா, ஆச்சரியக்குறி என்றால் உணர்ச்சி. பத்து அட்டைக்குள் இந்தக் குறுக்குவழியை எல்லாருமே கண்டுபிடித்துவிடுவார்கள். மாஸ்கிங் டேப்பைச் சிறு துண்டாகக் கிழித்துக் கடைசிக் குறியை மூடிவிட்டு ஆடவிடுங்கள். குறியைப் போடுவதும் பிள்ளையின் வேலையாகட்டும்.

விடையிலேயே தவறும் உண்டு. ஆச்சரியக்குறி போட்ட 'சிட் டவுன்' என்ற அட்டைக்குப் பின்னால் 'எக்ஸ்கிளமேட்டரி' என்று இருக்கிறது. அது கட்டளை வாக்கியம்; அதட்டிச் சொன்னதால் குறி மாறியதே தவிர வகை மாறவில்லை. இன்னொன்றில் 'ஹவ் பியூட்டிஃபுல் இஸ் தி சீ' என்று ஆச்சரியக்குறியோடு அச்சிட்டிருக்கிறார்கள். கவிதை நடையில் அப்படி வருவதுண்டு. பள்ளியில் எதிர்பார்ப்பது 'ஹவ் பியூட்டிஃபுல் தி சீ இஸ்'. 'இஸ்' முன்னால் வந்தால் அது 'எவ்வளவு அழகு?' என்ற கேள்வியின் அமைப்பு ஆகிவிடும். நம் பிள்ளைகள் மிக அதிகமாகச் செய்யும் பிழைகளில் ஒன்றைப் பெட்டியே சொல்லிக்கொடுப்பது பொறுத்துக்கொள்ள முடியாதது. இந்த இரண்டு அட்டையையும் எடுத்துவிடுங்கள்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் (தனி, தொடர், கலவை வாக்கியங்கள்) பகுதியில் கையேடு இன்னும் மோசம். 'சிறிய வாக்கியம் சிம்பிள், நீளமானது காம்ப்ளெக்ஸ்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'ஆஃப்டர் தி லாங் பேன், தி ட்ராலர்ஸ் ஆஃப் பாம்பன் வென்ட் பேக் டு சீ அட் மிட்நைட் வித் ஐஸ், டீசல் அண்ட் நியூ நெட்ஸ்' என்பது எவ்வளவு நீளம்; ஆனாலும் சிம்பிள்தான், ஒரே மஞ்சள், ஒரே சிவப்பு. 'ஐ நோ ஹி கேம்' நான்கே சொல், அது காம்ப்ளெக்ஸ், நடுவில் 'தட்' என்ற பச்சை மறைந்திருக்கிறது. எண்ண வேண்டியது தனக்கென்று மஞ்சள் வைத்திருக்கும் சிவப்புகளை. அப்படி ஒரு ஜோடி என்றால் சிம்பிள். இரண்டு ஜோடி என்றால் நடுவில் எந்தப் பச்சை என்று பார்க்க வேண்டும். 'ஹி கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்' போல ஒரே மஞ்சளுக்கு இரண்டு சிவப்பு வரும் வாக்கியத்தை இலக்கண நூல்களே இரு விதமாகச் சொல்லும். நடுநிலைப் பள்ளியில் அந்தத் தகராறு வேண்டாம். இரண்டாவது வினைக்கு முன்னால் ஒரு 'ஹி' போட்டு எழுதப் பழக்கினால் காம்பவுண்ட் என்பதில் சந்தேகமே வராது.

பச்சை அட்டைகளை எல்லாம் ஒரே பச்சையில் தந்திருப்பதும் குறைதான். 'அண்ட், பட், ஆர், ஸோ' ஒரு கூட்டம். 'பிகாஸ், வென், இஃப், ஆல்தோ' வேறு கூட்டம். பிரித்தறிய மனப்பாடம் வேண்டாம், அட்டையை நகர்த்தினால் போதும். 'தி போட்ஸ் ஸ்டேட் இன் பிகாஸ் தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங்' என்பதில் 'பிகாஸ்' முதல் கடைசி வரை அப்படியே தூக்கி முன்னால் வையுங்கள். நடுவில் ஒரு காற்புள்ளி போட்டால் வாக்கியம் நிற்கிறது. அதையே 'தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங், ஸோ தி போட்ஸ் ஸ்டேட் இன்' என்பதில் 'ஸோ' முதல் தூக்கி முன்னால் வைத்துப் பாருங்கள், விழுந்துவிடும். தூக்கி முன்னால் வைத்தாலும் நிற்பது காம்ப்ளெக்ஸ், விழுவது காம்பவுண்ட். இந்த நிலையில் வரும் வாக்கியங்களுக்கு இந்தச் சோதனை தாராளமாகப் போதும்.

'பிகாஸ்' வைத்து வாக்கியம் தொடங்கக் கூடாது என்று கையேடு கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. இது தவறு. தவறு எது என்றால், 'பிகாஸ் தி விண்ட் வாஸ் ஸ்ட்ராங்' என்று எழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைப்பது. 'காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை' என்று காரணத்தை முன்னால் சொல்வது நம் பேச்சின் இயல்பு. அந்த இயல்பைத் தடுக்காமல், பின்பாதியையும் சேர்த்து எழுதிய பிறகே புள்ளி என்று பழக்க வேண்டும். 'ஆல்தோ' வந்தால் 'பட்' வரக் கூடாது என்பதையும் பச்சை அட்டைக் கணக்கில் சொல்லிவிடலாம்: இரண்டு ஜோடிக்கு ஒரே ஒரு பச்சை. பச்சையே இல்லாமல் காற்புள்ளி மட்டும் போட்டு இரண்டு வாக்கியத்தை ஒட்டுவதும் கூடாது. தமிழில் இது சர்வசாதாரணம் என்பதால் ஆங்கிலத்திலும் கை அப்படியே போகும்.

'ஹூ, விச், தட்' கொண்டு விரியும் வாக்கியங்களை எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'நேற்று வாங்கிய வலை' என்பதில் விளக்கம் வலைக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி நெட் தட் வி பாட் எஸ்டர்டே' என்று வலைக்குப் பின்னால் வந்து சேர்கிறது. பெட்டியில் இதற்கு மூன்றே அட்டைகள்.

அட்டைகளில் உள்ள சொற்களைப் பற்றி ஒரு வருத்தம். ஸ்னோ, ஸ்லெட்ஜ், ஆப்பிள் ட்ரீ என்று போகிறது. பனி பெய்து பார்க்காத பிள்ளைக்கு வாக்கிய அமைப்போடு சேர்த்துப் பனியையும் விளக்க வேண்டியிருக்கிறது. 40 அட்டைகள் நீங்களே எழுதிச் சேருங்கள்: நெட், ரோப், ஆங்கர், டைட், கிராப், ஸ்க்விட், சீவீட், பாம் ட்ரீ, சால்ட் பேன், லைட்ஹவுஸ். 'கேட்டமரன்' கட்டாயம் வேண்டும். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது என்று சொன்னால், பின்வரிசைப் பிள்ளையும் அந்த மஞ்சள் அட்டைக்குக் கை நீட்டும். 'தி சைக்ளோன் டிஸ்ட்ராய்ட் தனுஷ்கோடி இன் 1964' என்பதில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை நான்கும் வரிசையாக உட்காரும். 'கலாம் வாஸ் பார்ன் இன் ராமேஸ்வரம் இன் 1931' வெள்ளை இரண்டு வருவதற்கு எடுத்துக்காட்டு. பாம்பன் ரயில் பாலம் இருக்கவே இருக்கிறது: 'தி ஓல்ட் பிரிட்ஜ் ஓபன்ட் இன் 1914, அண்ட் தி நியூ பிரிட்ஜ் ஓபன்ட் இன் 2025' காம்பவுண்ட், 'தி மிடில் பார்ட் கோஸ் அப் வென் எ ஷிப் கம்ஸ்' காம்ப்ளெக்ஸ். கண்ணால் பார்த்த விஷயம் என்பதால் பிள்ளைகளின் கவனம் முழுவதும் அமைப்பிலேயே நிற்கும்.

'பிடிக்கும்' என்ற சொல்லில் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்றால் 'ஐ லைக் ஃபிஷ்'. 'நான் மீன் பிடிக்கிறேன்' என்றால் 'ஐ கேட்ச் ஃபிஷ்'. தமிழில் 'எனக்கு', 'நான்' என்று தொடக்கம் வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மஞ்சள் 'ஐ'தான், மாறுவது சிவப்பு. 'எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு', 'எனக்குப் பசிக்குது' போன்றவற்றையும் இதோடு சேர்த்து ஒரு வகுப்பு எடுக்கலாம். 'எனக்கு' என்று தொடங்கும் பல வாக்கியங்கள் ஆங்கிலத்தில் 'ஐ' ஆகும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பாரம் குறையும்.

பொருளின் தரத்துக்கு வருவோம். அட்டை கெட்டியானதுதான், ஆனால் லேமினேஷன் இல்லை. உப்புக்காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும் ஓரம் நமத்து அட்டை அப்பளம்போல் வளைந்துவிடும். வாங்கியவுடன் லேமினேட் செய்துவிடுவது நல்லது. ஏ4 உறையில் 10 அட்டை கொள்ளும், ஆக சொல் அட்டைகளுக்கு 24 உறை. பின்புறம் எழுத வேண்டியதை எல்லாம் எழுதி, ஆரஞ்சு கரையும் போட்டு முடித்த பிறகு செய்யுங்கள். வெட்டும்போது சுற்றிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விடுங்கள். அட்டையை ஒட்டி வெட்டினால் ஈரம் உள்ளே இறங்கி உறை பிரிந்துவிடும்.

பாக்கெட் சார்ட்டின் மேல் ஓரத்தில் மாட்டுவதற்கு இரும்பு வளையங்கள் வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் அவை சீக்கிரமே துருப்பிடித்து, துடைத்தாலும் போகாத கறையைச் சுவரில் விடும். வளையத்தை எடுத்துவிட்டு நைலான் கயிற்றால் கட்டுங்கள். சார்ட்டுக்குப் பதிலாக, வலைக்குப் பயன்படும் நைலான் கயிற்றை இரண்டு தூணுக்கு இடையில் இழுத்துக் கட்டி, பிளாஸ்டிக் துணிக் கிளிப்பில் அட்டைகளை மாட்டுவது இன்னும் நல்லது. கச்சான் காற்று அடிக்கும் நாளிலும் அட்டை பறக்காது. 'எஸ்' துண்டைக் கயிற்றோடு சறுக்கிக்கொண்டு போவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

கையேட்டின் வரிசையை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 40 நிமிடம் என்று இப்படிப் போகலாம். முதல் இரண்டு வாரம் செய்தி வாக்கியம் மட்டும். காலிப் பை, இடம் பிடிக்கும் துண்டு, 'ஐ லைக், ஐ கேட்ச்'. மூன்றாவது வாரம் 'இஸ், ஆர், கேன்' நகரும் கேள்விகள். நான்காவது வாரம் 'டூ' ஒன்றுக்கே. ஐந்தில் கட்டளையும் உணர்ச்சியும். வகை அட்டைகளைக் குறியை மூடி அப்போதுதான் வெளியே எடுக்க வேண்டும். ஆறு, ஏழு வாரங்கள் பச்சை அட்டைகளுக்கு. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி 10 நிமிடம் அட்டையை மூடிவைத்து நோட்டில் ஐந்து வாக்கியம் எழுதவிடுங்கள். இதை விட்டுவிட்டால் அட்டையில் சரியாக வைக்கும் பிள்ளை பரீட்சைத் தாளில் பழையபடியே எழுதும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக என்றால் 650 ரூபாய் கொடுக்க வேண்டாம். எட்டு நிறத்தில் சார்ட் பேப்பர் ஒவ்வொன்று வாங்கினால் ஒரு தாளில் 70 அட்டைக்குக் குறையாமல் வெட்டலாம். துணைவினைக்கு ஆரம்பத்திலேயே ஆரஞ்சு கிடைத்துவிடும், இணைப்புச் சொல்லுக்கு இரண்டு பச்சை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கோ மாலை வகுப்புக்கோ என்றால் பெட்டியே வாங்குங்கள். 240 அட்டை எழுதி வெட்டும் நேரம் மிச்சம். உதிரி அட்டைகள் தனியாகக் கிடைப்பதில்லை. முதலில் தொலைவது 'இஸ்', 'டிட்', முற்றுப்புள்ளி மூன்றும்தான். லேமினேட் செய்யும் அன்றைக்கே இவற்றில் நான்கு நான்கு கூடுதலாக எழுதி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள்.